உறைந்த வியர்வையின் எடை

1911 ஜூன் 27 அன்று, அண்டார்க்டிகாவின் ராஸ் தீவில், தென்துருவத்தை அடைய வந்திருந்த ஸ்காட்டின் ஆய்வுக்குழு தங்கியிருந்த கேப் எவன்ஸ் குடிலிலிருந்து மூன்று பேர் கேப் குரோசியரை நோக்கிக் கிளம்பினார்கள். எட்வர்ட் வில்சன், ஹென்றி பௌவர்ஸ், ஆப்ஸ்லி செர்ரி-கெரார்ட். எம்பரர் பெங்குவின்களின் முட்டைகளைச் சேகரிக்க வேண்டும். அந்தப் பறவை நடுக்குளிர்காலத்தில்தான் முட்டையிடும் என்பதால், சூரியனே எழாத இருட்டில் சறுக்குவண்டிகளைத் தாங்களே இழுத்துக்கொண்டு போனார்கள். வெப்பநிலை ஒரு கட்டத்தில் மைனஸ் 60 டிகிரி செல்சியஸையும் தாண்டி இறங்கியது. ஆகஸ்ட் 1 அன்று திரும்பியபோது அவர்களுடைய ஸ்லீப்பிங் பேக்குகளை எடை போட்டுப் பார்த்தார்கள். கலைமான் தோலால் ஆன அந்தப் பைகளில் வில்சனுடையது உள் உறையோடு சேர்த்துப் புறப்படும்போது 17 பவுண்டு, திரும்பும்போது 40. பௌவர்ஸுடையது 17-லிருந்து 33 ஆகியிருந்தது. செர்ரி-கெரார்டுடையது 18-லிருந்து 45. மூன்றையும் கூட்டினால், ஏறக்குறைய 24 கிலோவாகக் கிளம்பியவை 53 கிலோவாகத் திரும்பியிருந்தன. கூடியதெல்லாம் பனிக்கட்டி. அந்தப் பனிக்கட்டியில் பெரும்பகுதி வானத்திலிருந்து விழுந்ததில்லை. அந்த மூவரின் தோலும் மூச்சும் இரவு பகலாக வெளியிட்ட ஈரம்தான் அப்படி உறைந்து தங்கியிருந்தது.

மலையேற்றப் பொருட்களைப் பற்றிப் பேசும்போது எடையை நாம் ஒரு நிலையான குணமாக எடுத்துக்கொள்கிறோம். கடையில் சீட்டில் எழுதியிருக்கும் 1,100 கிராம்தான் ஐந்தாம் நாளும் அதன் எடை என்று நம்புகிறோம். கோடை நடையில் அந்த நம்பிக்கை பெரிதாகப் பிசகுவதில்லை. உறைநிலைக்குக் கீழே அது முழுக்கப் பொய்த்துப்போகிறது. அதனால் குளிர்கால முகாமுக்கு ஒரு பொருளை எடுக்கும்போது ‘எத்தனை கிராம்?’ என்று கேட்பதற்கு முன்னால் ‘இதற்குள் வரும் நீர் எங்கே போகும்?’ என்று கேட்க வேண்டும். எடை குறைவும் நம்பகமும் எதிரெதிர் குணங்கள், ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றொன்றை வாங்க முடியும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நீரைப் பற்றிய கேள்வியை முதலில் கேட்டுவிட்டால் அந்த முரண் பெரும்பாலான இடங்களில் கரைந்துபோவதைப் பார்க்கலாம். எங்கெல்லாம் கரையவில்லையோ அங்கே எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்பதும் தெளிவாகிவிடும்.

முதலில் இயற்பியல். கம்பளியோ, பறவைத் தூவியோ, செயற்கை இழையோ, நம்மைச் சூடாக வைப்பது அந்தப் பொருள் இல்லை. அது அசையாமல் பிடித்து வைத்திருக்கும் காற்று. காற்றின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு சுமார் 0.025 வாட். நீருக்கு அது சுமார் 0.6, அதாவது இருபது மடங்குக்கும் மேல். பனிக்கட்டிக்கு 2.2, கிட்டத்தட்ட தொண்ணூறு மடங்கு. ஆகவே காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்தால் வெப்பம் வெளியேறப் பாதை கிடைக்கிறது. அது அங்கேயே உறைந்தால் அந்தப் பாதை இன்னும் அகலமாகிறது. இதில் நம்மை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. உடலிலிருந்து கிளம்பும் நீராவி, பையின் அல்லது ஜாக்கெட்டின் உள்பக்கத்தில் சூடாக இருக்கும் வரை ஆவியாகவே போகிறது. வெளிப்பக்கத்தை நெருங்க நெருங்கக் குளிர்ந்து, பனிநிலையை எட்டும் இடத்தில் படிகிறது. வெளியே மைனஸ் 5 என்றால் அந்த இடம் வெளித்துணிக்கு அருகில் இருக்கும். மைனஸ் 25 என்றால் உள்ளே அடைத்த பஞ்சின் நடுவிலேயே வந்துவிடும். தொட்டுப் பார்த்தால் உள்ளே காய்ந்திருக்கும். ஈரம் கைக்கு எட்டாத அடுக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

அடுத்து, சுமை நம்மை எங்கே தாக்குகிறது என்பது. 10 கிலோ கூடுதல் சுமையோடு 1,000 மீட்டர் உயரம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். உயர்த்துவதற்கான வேலை 98 கிலோஜூல். தசையின் திறன் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு என்பதால் உடல் செலவழிப்பது 390 கிலோஜூலுக்குச் சற்று மேல். உணவுக் கணக்கில் 94 கிலோகலோரி, ஒரு கைப்பிடி வேர்க்கடலைக்கும் குறைவு. சமதளத்தில் நடக்கும் செலவையும், மூட்டுகளும் தோள்களும் படும் பாட்டையும் இதில் சேர்க்கவில்லை, அவை உண்மையானவை. ஆனாலும் ஆற்றலை மட்டும் பார்த்தால் இந்த எண் எதிர்பார்த்ததைவிடச் சிறியது. பிரச்சினை மீதி முக்கால் பங்கில் இருக்கிறது. சுமார் 290 கிலோஜூல் வெப்பமாக உடலுக்குள்ளேயே பிறக்கிறது. அதைத் தோலிலிருந்து வியர்வையாகவே ஆற்ற வேண்டுமென்றால், ஒரு கிராம் வியர்வை ஆவியாக 2.4 கிலோஜூல் என்ற கணக்கில் 120 கிராம் நீர் வெளியேற வேண்டும். கோடையில் இந்த நீர் காற்றோடு போய்விடும். குளிர்காலத்தில் அது சட்டையில், ஸ்வெட்டரில், ஜாக்கெட்டின் உள்முகத்தில், முதுகுப்பை அழுத்தும் இடத்தில் தங்குகிறது. நின்றதும் குளிர்கிறது. இரவில் அதே துணிகளோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைந்தால் பையின் பஞ்சுக்குள் ஏறி உறைகிறது. சுமையைக் குறைக்க வேண்டியதன் முதல் காரணம் இதுதான். கால் வலிக்கிறது என்பதைவிட, சுமை வியர்வையாகிறது, வியர்வை பனிக்கட்டியாகிறது என்பது பெரிய காரணம்.

இப்போது அந்த மூன்று பைகளுக்குத் திரும்புவோம். செர்ரி-கெரார்டின் பையில் கூடியது 27 பவுண்டு, சுமார் 12 கிலோ. 35 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 350 கிராம். உழைக்காமல் சும்மா இருக்கும் மனித உடலே தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஒரு நாளில் ஏறக்குறைய 800 கிராம் நீரை இழக்கிறது என்பதையும், அவர்கள் குளிர் தாங்காமல் தலையைப் பைக்குள் இழுத்துக்கொண்டு மூச்சு விட்டார்கள் என்பதையும், பகலில் நனைந்த துணிகளோடேயே படுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த எண்ணில் அதிசயம் எதுவுமில்லை. அந்த 12 கிலோ பனிக்கட்டியை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்ல உடல் செலவிட வேண்டியது 113 கிலோகலோரி. அதை முழுவதும் ஒருமுறை உருக்க வேண்டுமானால், கிலோவுக்கு 334 கிலோஜூல் வீதம் 960 கிலோகலோரி. ஒவ்வோர் இரவும் முழுப் பனிக்கட்டியும் உருகியிருக்காது. ஒரு பகுதி உருகினாலே போதும்; உறங்குபவரின் உடல்சூடு அந்த அளவுக்குத் திருடப்படுகிறது. முழுவதும் உருகும் கணக்கில் பார்த்தால், முதுகில் இருக்கும் எடையைவிடப் படுக்கையில் இருக்கும் எடை எட்டு மடங்குக்கு மேல் கொடியது.

அதே எடைக் கணக்கில் இன்னொரு தடயமும் இருக்கிறது. வில்சனும் செர்ரி-கெரார்டும் கலைமான் தோலுக்குள் ஈடர் வாத்தின் தூவி வைத்த உள் உறையைப் பயன்படுத்தினார்கள். பௌவர்ஸ் வெறும் தோல் பையில் படுத்தார். அவருடைய பையில்தான் பனிக்கட்டி மிகக் குறைவு, 16 பவுண்டு. மற்ற இருவருடையதில் 23-உம் 27-உம். மூன்று பேரை வைத்து விதி எழுதிவிட முடியாது. பௌவர்ஸ் இயல்பிலேயே குளிரை நன்றாகத் தாங்கியவர், அவரால் உறங்க முடிந்தது. பையின் அளவு ஆளுக்கு ஆள் பொருந்திய விதமும் வேறு. ஆனால் கூடுதல் அடுக்கு கூடுதல் ஈரத்துக்கு இடம் கொடுத்தது என்ற விளக்கம் நாம் மேலே பார்த்த இயற்பியலோடு ஒத்துப்போகிறது. அடுக்கைக் கூட்டினால் வெப்பம் கூடும் என்பது ஈரத்துக்கு வெளியேற வழி இருக்கும்வரை மட்டுமே உண்மை.

எடையைக் குறைப்பவர்களின் தரப்பில் வலுவான சான்றுகள் உண்டு. அவற்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 1955-இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயது அமெரிக்கப் பெண், தானே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை ஒன்றை வைத்துக்கொண்டு, சாதாரணக் கான்வாஸ் ஷூவில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார். 1992-இல் ரே ஜார்டின் வெளியிட்ட கையேடு, பசிபிக் கிரெஸ்ட் பாதையை நடப்பவர்களுக்குச் சுமையைப் பாதியாகக் குறைக்க முடியும் என்று காட்டியது. உணவு, நீர், எரிபொருள் நீங்கலாக 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ, என்ற எல்லை அந்த மரபில்தான் வேரூன்றியது. இவர்கள் சொன்னது சரி. ஆனால் எந்தச் சூழலில் சரி என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்வுட் நடந்தது மே முதல் செப்டம்பர் வரை. நனைந்தால் மறுநாள் வெயிலில் காயவைக்கலாம், ஊர்கள் அருகில் இருந்தன, வழியில் வீடுகளின் கதவைத் தட்டலாம். ஜார்டினோ, தன் போர்வைக்குத் தூவியைத் தவிர்த்துச் செயற்கை இழையைத் தேர்ந்தெடுத்தார். எடை குறைப்பின் தந்தை என்று போற்றப்படுபவரே ஈரத்துக்குப் பயந்து சில கிராம்களைக் கூடுதலாகச் சுமந்தார். அவர்களுடைய பட்டியலை அப்படியே ஜனவரி மாத இமயமலைக்குக் கொண்டுபோகிறவர்கள், அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருந்த யோசனையைக் கீழேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

தூவி வைத்த ஸ்லீப்பிங் பேக்கை எடுத்துக்கொள்வோம். எடைக்கு எடை பார்த்தால் வாத்து அல்லது வாத்தைப் போன்ற பறவைகளின் தூவியை மிஞ்ச இதுவரை எந்த இழையும் வரவில்லை. அதன் தரத்தை, ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்று அளக்கிறார்கள். 800 என்றால் 600-ஐவிட அதே எடையில் அதிகக் காற்றைப் பிடிக்கும். இந்த எண் காய்ந்த தூவிக்கு உரியது. நனைந்த தூவி சுருண்டு கட்டியாகிவிடும், காற்று போய்விடும். பையில் எழுதியிருக்கும் வெப்பநிலையும் அப்படித்தான். ஐரோப்பாவின் ஈ.என். 13537 தரமும் அதைத் தொடர்ந்து வந்த ஐ.எஸ்.ஓ. 23537 தரமும் வெப்பமூட்டப்பட்ட ஒரு பொம்மையைப் பைக்குள் பாய் மேல் கிடத்தி, சௌகரிய எல்லை, கீழ் எல்லை, ஆபத்து எல்லை என்று எண்களைத் தருகின்றன. வெவ்வேறு நிறுவனங்களின் பைகளை ஒரே அளவுகோலில் ஒப்பிட வைத்த இந்தத் தரம் பெரிய சேவை. ஆனால் பொம்மை வியர்ப்பதில்லை. பை ஆறு இரவுகள் பழையதாக இல்லை. ஆகவே அந்த எண் முதல் இரவுக்கான எண். மேலும் விளம்பரத்தில் பெரிதாக அச்சாவது பெரும்பாலும் கீழ் எல்லை. நீங்கள் வாங்க வேண்டியது சௌகரிய எல்லையைப் பார்த்து.

அப்படியானால் தூவியையே கைவிட வேண்டுமா? இரண்டு மூன்று இரவுப் பயணத்துக்கு அவசியமில்லை. சேரும் ஈரம் பையின் தாங்குதிறனுக்குள் இருக்கும், மதிய வெயிலில் அரை மணி நேரம் விரித்துப்போட்டால் பெருமளவு போய்விடும். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தூவிப் பைக்கு வெளியே மெல்லிய செயற்கை இழைப் பை ஒன்றைப் போர்த்துவது. நீராவி உறையும் இடம் அந்த வெளிப்பைக்குள் தள்ளப்படுகிறது. நனைந்தாலும் வடிவம் குலையாத இழை அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. இன்னொன்று, நீராவியையே தடுக்கும் மெல்லிய உறையைப் பைக்கு உள்ளே போட்டு அதற்குள் படுப்பது. இதை முதன்முதலில் கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். பிளாஸ்டிக்குக்குள் படுத்தால் பிசுபிசுக்காதா என்று. கொஞ்சம் பிசுபிசுக்கும். ஆனால் தோலைச் சுற்றி ஈரப்பதம் நிறைந்ததும் தோலிலிருந்து தானாகக் கசியும் ஆவியாதல் குறைகிறது. பஞ்சு பத்தாம் நாளும் முதல் நாள் போலவே இருக்கும். 150 கிராம் எடையுள்ள அந்த உறை, 12 கிலோ பனிக்கட்டிக்கு விடை. இதற்கு மேல் எடைக்குறைவான பொருள் எதையும் என்னால் சொல்ல முடியாது. நீர் ஒட்டாத பூச்சு பூசிய தூவி இப்போது விற்பனைக்கு வருகிறது. நனைவதை அது தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். பஞ்சுக்குள் ஆவியாகப் புகுந்து அங்கே உறையும் நீரை அது திருப்பி அனுப்புவதில்லை.

ஸ்லீப்பிங் பேக்குக்குப் பணத்தைக் கொட்டிவிட்டுப் பாயில் கஞ்சத்தனம் காட்டுவது மிகப் பரவலான தவறு. நம் உடல் எடையில் பையின் அடிப்பாகம் நசுங்கிவிடுகிறது. அங்கே காற்று இல்லை. கீழே இருக்கும் பனியோடு நம்மைப் பிரிப்பது பாய் மட்டுமே. பாய்களின் வெப்பத்தடையை ‘ஆர் மதிப்பு’ என்ற எண்ணால் குறிக்கிறார்கள். 2018-இல் வந்த ஏ.எஸ்.டி.எம். எஃப் 3340 தரத்துக்குப் பிறகுதான் அந்த எண்களை நம்பி ஒப்பிட முடிகிறது. பனிமேல் உறங்க 5-க்கு மேல் தேவை. ஊதிப் பெருக்கும் பாய்கள் அரைக் கிலோவுக்கும் குறைந்த எடையில் அதைத் தருகின்றன. ஆனால் ஒரு முள், பூட்ஸின் அடியில் மாட்டும் கிராம்பானின் ஒரு பல் போதும், பாழாகிவிடும். மூடிய குமிழ்களால் ஆன நுரைப் பாய் 400 கிராம் எடையில் 2 அளவுக்கு மட்டுமே தரும். ஆனால் அதைக் கத்தியால் வெட்டினாலும் இரண்டு பாய்கள் கிடைக்கும், இரண்டும் வேலை செய்யும், நீரையும் குடிக்காது. இந்த மதிப்புகள் ஒன்றோடொன்று கூடும் என்பதால், 4 மதிப்புள்ள ஊதும் பாயின் அடியில் 2 மதிப்புள்ள நுரைப் பாயைப் போட்டால் 6 கிடைக்கிறது. ஊதும் பாய் ஓட்டையானால் இரவு மோசமாகப் போகும், ஆனால் விடியும். ஒரு பொருள் எப்படிக் கெடும், கெட்ட பிறகு கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் நம்பகத்தின் அளவு. எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பது கடைக்காரருக்கும் உங்களுக்குமான விஷயம். மலைக்கு அது தெரியாது.

உடைகளுக்கு வருவோம். நீரைத் தடுத்து நீராவியை மட்டும் விடும் சவ்வுத் துணிகள் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டன என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. 1969-இல் பாப் கோர் நீட்டிய டெஃப்லானைக் கண்டறிந்ததும், 1970-களில் அது மழைச்சட்டையானதும் உண்மையான முன்னேற்றங்கள். ஆனால் அந்தச் சவ்வு வழியாக நீராவி வெளியேறுவது, உள்ளே இருக்கும் ஆவியழுத்தத்துக்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டால். வெளியே மைனஸ் 20 என்றால் ஜாக்கெட்டின் துணியே உறைநிலைக்குக் கீழே இருக்கிறது. நீராவி சவ்வை அடைவதற்கு முன்பே அதன் உள்முகத்தில் உறைந்து வெண்பொடியாகப் படிகிறது. உறைந்த பிறகு அது நீராவி இல்லை. சவ்வுக்கு அங்கே வேலையும் இல்லை. துருவவாசிகள் இதை வேறு விதமாகத் தீர்த்திருந்தார்கள். 1903 முதல் இரண்டு ஆண்டுகள் கனடாவின் வடக்கில் நெட்சிலிக் இன்யூட் மக்களோடு பழகிய துருவ ஆய்வாளர் ரோல்ட் அமுண்ட்சென், அவர்களுடைய கலைமான் தோல் உடையைக் கற்றுக்கொண்டு தென்துருவத்துக்குக் கொண்டுபோனார். அது தளர்வானது, கழுத்திலும் இடுப்பிலும் காற்று புகுந்து வெளியேறும், ஈரம் தேங்குவதற்கு முன்பே போய்விடும். சுமையை நாய்கள் இழுத்ததால் வியர்வையும் குறைவு. ஸ்காட்டின் ஆட்கள் காற்றுப் புகாத துணிக்குள் தாங்களே சுமையை இழுத்தார்கள். செர்ரி-கெரார்ட் ஒரு காலை கூடாரத்திலிருந்து வெளியே வந்து, தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்த சில நொடிகளில் ஈர உடை அப்படியே இறுகிவிட, நான்கு மணி நேரம் தலையைக் கீழிறக்க முடியாமல் வண்டி இழுத்ததாக எழுதியிருக்கிறார்.

இதிலிருந்து இன்றைய நடைக்குக் கிடைக்கும் விதி எளிமையானது: நடக்கும்போது கொஞ்சம் குளிரட்டும். மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, அதன்மேல் காற்றைத் தடுக்கும், ஆனால் நீர்புகாமையை நாடாத 100 கிராம் சட்டை. ஏற்றத்தில் இவ்வளவு போதும். அக்குள் ஜிப், கழுத்து ஜிப் எல்லாம் வியர்ப்பதற்கு முன்பே திறக்கப்பட வேண்டியவை. கனமான தூவி ஜாக்கெட் நின்றவுடன் போட்டுக்கொள்ள, நடக்கும்போது பைக்குள். பருத்தி உள்ளாடையை வீட்டிலேயே விட்டுவிடலாம். அது நீரைக் குடித்து விடாமல் பிடித்துக்கொள்ளும்.

எடைக் கணக்கு மிகத் தவறாகப் போடப்படுவது அடுப்பில். குளிர்கால முகாமில் அடுப்பின் முதல் வேலை சமையல் இல்லை, பனியை நீராக்குவது. மைனஸ் 20-இல் இருக்கும் ஒரு கிலோ பனியை உறைநிலைக்குக் கொண்டுவர 42 கிலோஜூல், உருக்க 334. ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் நீர், அதில் இரண்டைக் கொதிக்க வைக்க வேண்டும் என்று கொண்டால் மொத்தம் 2,340 கிலோஜூல். அடுப்பின் வெப்பத்தில் பாதிதான் பாத்திரத்துக்குள் போகும் என்று வைத்தால், கிலோவுக்கு 44 மெகாஜூல் தரும் வெள்ளைப் பெட்ரோல் ஒரு நாளைக்கு 106 கிராம் வேண்டும். கிலோவுக்கு 27 மெகாஜூல் மட்டுமே தரும் எத்தனால் 173 கிராம் வேண்டும். அழுத்தம் ஏற்றும் திரவ எரிபொருள் அடுப்பு 350 கிராம் எடை. தகரத்தில் வெட்டிய, எத்தனாலில் எரியும் ஸ்பிரிட் அடுப்பு 30 கிராம். கடையில் வைத்துப் பார்த்தால் இரண்டாவது அபாரமான தேர்வு. ஐந்து நாள் கழித்துக் கணக்குப் பார்த்தால், மிச்சம் பிடித்த 320 கிராமை எரிபொருளின் 335 கிராம் விழுங்கியிருக்கும்; அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் நஷ்டம். கடுங்குளிரில் ஸ்பிரிட் பற்றிக்கொள்வதும் சிரமம்.

சின்னக் கேஸ் கேனிஸ்டர்களின் சிக்கல் வேறு. அதற்குள் இருக்கும் திரவம் ஆவியானால்தான் சுடர். சாதாரண பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியிலும், ஐசோபியூட்டேன் மைனஸ் 12-க்கு அருகிலும், புரொப்பேன் மைனஸ் 42-இலும் கொதிக்கின்றன. கலவை வாயுவை மைனஸ் 15-இல் பற்றவைத்தால் புரொப்பேன் முதலில் தீர்ந்துபோகிறது. பிறகு குலுக்கினால் பாதி நிறைந்திருப்பதாகக் கேட்கும் கேனிஸ்டர் எரிய மறுக்கும். ஆவியாகும் செயலே கேனிஸ்டரை மேலும் குளிரவைக்கிறது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் நிலைமை சற்றுத் தேவலை. கேனிஸ்டரைத் தலைகீழாகக் கவிழ்த்துத் திரவமாகவே எடுக்கும் அடுப்புகள் இன்னும் கீழே வரை வேலை செய்யும். நேராக மேலே பொருத்தும் 80 கிராம் அடுப்பு கோடைக்கு உரியது. எரிபொருள் விஷயத்தில் சிறு உறுப்பின் தோல்வி எவ்வளவு பெரிதாக முடியும் என்பதை 1912 காட்டுகிறது. தென்துருவத்திலிருந்து திரும்பிய ஸ்காட் குழு, வழியில் புதைத்து வைத்த பாரஃபின் டின்களில் எதிர்பார்த்த அளவு இல்லாததைக் கண்டது. மூடிகளின் தோல் வாஷர்கள் கடுங்குளிரில் இறுக்கம் இழந்ததே காரணம் என்று கருதப்படுகிறது. அமுண்ட்சென் தன் டின்களை ஈயப்பற்று வைத்து அடைத்திருந்தார். எரிபொருள் குறைந்தால் குறைவது நீர். வறண்ட உடல் குளிரை இன்னும் மோசமாகத் தாங்கும்.

கூடாரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று கொண்டால், ஓர் இரவில் 30 சென்டிமீட்டர் பெய்தால் சதுர மீட்டருக்கு 30 கிலோ. இரண்டு பேர் படுக்கும் கூடாரத்தின் மேல் 90 கிலோ உட்காரும். ஒற்றைக் கம்பில் நிற்கும் 600 கிராம் கூடாரம் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. நைலான் ஈரத்தை உறிஞ்சித் தொய்யும், பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. பனி வழுக்கி விழ வேண்டிய கூரைக்கு இது முக்கியம். கேப் குரோசியரில் புயல் அடித்து மூவரின் கூடாரத்தையும் தூக்கிக்கொண்டு போனது. நல்லவேளையாகப் புயலுக்குப் பின் சற்றுத் தொலைவில் அது கிழியாமல் கிடைத்தது. கிடைத்திராவிட்டால் நமக்கு அந்தப் பைகளின் எடைக் கணக்கே கிடைத்திருக்காது. கூடாரத்தின் எடையை ஒப்பிடும்போது, பனியில் புதைக்கும் முளைகளையும் கயிறுகளையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். கடைசியாகக் காற்றுத் துவாரங்கள்: அவை நீராவிக்கு மட்டும் இல்லை. மூடிய கூடாரத்துக்குள் எரியும் அடுப்பின் கார்பன் மோனாக்சைடு வாசனையின்றிக் கொல்லும். பனி அந்தத் துவாரங்களை மூடிவிட்டதா என்பதை இரவில் எழுந்து பார்த்தே ஆக வேண்டும்.

எடையைக் குறைத்தால் நம்பகமும் கூடவே ஏறும் இடங்கள் உண்டு. டார்ச்சுக்கான ஏ.ஏ. அளவு ஆல்கலைன் பேட்டரி 23 கிராம், நீரை அடிப்படையாகக் கொண்ட அதன் மின்பகுபொருள் குளிரில் மந்தமாகிவிடும்; அதே அளவு லித்தியம் பேட்டரி 15 கிராம், மைனஸ் 40 வரை ஓடும். காலணியும் அப்படித்தான். 1969-இல் சோல், கோல்ட்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தலையிலும் கையிலும் காலிலும் சுமையைக் கட்டி நடக்கவைத்து அளந்தார்கள். காலில் இருக்கும் ஒரு கிலோ, உடலின் ஒரு கிலோவைவிட நான்கு முதல் ஆறு மடங்கு ஆற்றலைக் கேட்டது. ஆகவே கிராம்களைக் குறைக்க வேண்டுமானால் பாதத்தில் தொடங்குங்கள். உள்ளுறையைக் கழற்றி இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய பூட்ஸ் மட்டுமே காலையில் கால் நுழையும்படி இருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒரு வாதமும் உண்டு: உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் எடை பார்ப்பானேன், எல்லாவற்றிலும் இரண்டு எடுத்துப்போனால் என்ன? கேப் குரோசியர் போனவர்கள் ஆளுக்கு 100 கிலோவுக்கு மேல் இழுத்தார்கள். மென்பனியில் இரண்டு வண்டிகளையும் ஒருசேர இழுக்க முடியாமல், ஒன்றைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து மற்றொன்றை இழுக்க நேர்ந்தது. ஒரு கிலோமீட்டர் முன்னேற மூன்று கிலோமீட்டர் நடந்தார்கள், அதற்கேற்ப வியர்த்தார்கள். பாதுகாப்புக்கென்று சேர்த்த எடை நாட்களைக் கூட்டுகிறது. கூடிய நாட்கள் ஈரத்தைக் கூட்டுகின்றன. எனவே எதை இரட்டிப்பது என்பதில் கறாராக இருக்க வேண்டும். எது போனால் உடனே உயிருக்கு ஆபத்தோ, எதை இரட்டித்தாலும் சில நூறு கிராமுக்கு மேல் போகாதோ, அது இரண்டாக இருக்கட்டும்: லைட்டரும் தீப்பெட்டியும், கையுறை இரு ஜோடி, உறங்க மட்டும் வைத்திருக்கும் காய்ந்த காலுறை, நுரைப் பாய். இரண்டாவது ஜாக்கெட், இரண்டாவது சட்டை, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று போடும் மூன்றாவது பேன்ட் ஆகியவற்றுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை.

நம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஜனவரியில் இமயமலையின் கேதார்காந்தாவுக்கோ, உறைந்த ஜன்ஸ்கார் ஆற்றின் மேல் நடக்கும் சாதர் பாதைக்கோ போகிறவர்களில் பலர் பொருட்களை வாடகைக்கு எடுக்கிறார்கள். அதில் குறையில்லை, பனியே பெய்யாத ஊரில் வாழ்பவர் பல பத்தாயிரம் ரூபாயை ஒரு பைக்குள் போட்டு அலமாரியில் வைக்க வேண்டியதில்லை. வாங்குமுன் மூன்று காரியங்கள் செய்யுங்கள். ஸ்லீப்பிங் பேக்கை விரித்து உதறி இருபது நிமிடம் தரையில் விட்டுப் பாருங்கள்; அது பொங்கி எழாவிட்டால், உள்ளே கட்டிகள் கைக்குத் தட்டுப்பட்டால், சீட்டில் எந்த எண் எழுதியிருந்தாலும் வேண்டாம். சௌகரிய எல்லை என்ன என்று கேளுங்கள். நுரைப் பாய் ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குப் புதிதாகவே கிடைக்கும். விமானத்தில் கேஸ் கேனிஸ்டரை ஏற்ற விடமாட்டார்கள் என்பதால் எரிபொருளை அங்கேயே வாங்க வேண்டும்; அழைத்துச் செல்லும் குழுவினர் எந்த வாயுவை வைத்திருக்கிறார்கள் என்பதையும் கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுங்கள்.